கொலையில்லாத கௌபாய் படம்

தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளா, பேச ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி. உங்கள் கட்டடத்தில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

பார்த்தீர்களா, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள். பாப்கார்ன் மெஷினைத் துடைக்கத் தெரியும், வருகிறவரைப் பார்த்து எத்தனை பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்று தெரியும், மெயின் சுவிட்ச் தெரியாது. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. பயிற்சி கொடுத்தவர்களைத்தான் நாலு வார்த்தை கேட்க வேண்டும். உங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "டோ எஸ்தர், பிள்ளைங்களுக்கு அனுபவத்துலேருந்து ஏதாவது சொல்லுங்க" என்றார். அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் வேலை பார்த்தது ரங்கூன் நகரத்தின் நடுவே ஒற்றைத் திரை வைத்த தியேட்டர். டிக்கெட் ஜன்னலில் உட்கார ஆரம்பித்து, கடைசியில் மேனேஜர் என்று பெயர்ப்பலகை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். அங்கே மெயின் சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில், விளக்குமாறுகளுக்குப் பின்னால் இருந்தது. அதை நான் ஒரே ஒரு தடவைதான் வேண்டுமென்றே கீழே இழுத்திருக்கிறேன். அந்தக் கதைதான் இது.

உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. பரவாயில்லை. சிரிப்பு வந்தால் பர்மியில் சிரியுங்கள்.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு கௌபாய் படம் வந்தது. கதை இதுதான். ஒரு கறுப்பு அடிமை. பருத்திக்காட்டு முதலாளிகள் அவனை ஒருவர் மாற்றி ஒருவர் விற்கிறார்கள், சாட்டையால் அடிக்கிறார்கள், அவன் தங்கச்சியை வேறெங்கோ விற்றுவிடுகிறார்கள். ஒருநாள் ஓடிப் போகிறான். சில வருஷம் கழித்து ஒரு குதிரையோடும் துணி மூட்டையோடும் திரும்பி வருகிறான். தன்னை வைத்திருந்த ஒவ்வொரு முதலாளி வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டுகிறான். கதவு திறக்கிறது. மூட்டையை அவிழ்க்கிறான். உள்ளே துப்பாக்கி. அப்புறம் என்ன, நம் ஊர்ச் சுவர்களில் வெற்றிலை எச்சில் தெறித்திருக்குமே, அப்படி ரத்தம். கடைசியில் பெரிய பங்களா ஒன்றை வெடி வைத்துத் தகர்க்கிறான். தங்கச்சியைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறான். சுபம்.

நல்ல படமா என்று கேட்டால், நல்ல படம்தான். அந்த முதலாளிகளைப் பார்த்தால் எனக்கே கை துறுதுறு என்றது. சுட்டது போதாது என்று நினைத்தேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள் சொல்லக் கூடாது, ஆனால் நினைத்தேன்.

சங்கடம் என்னவென்றால், படம் வந்தது வாசோ மாதத்தில். பௌத்தர்களின் தவக்காலம் அப்போதுதான் தொடங்குகிறது, அக்டோபர் பௌர்ணமிவரை போகும். எங்கள் முதலாளியம்மா டோ மியா அந்த மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் சாப்பிடமாட்டார், மீனும் தொடமாட்டார். கொசு கடித்தால்கூட அடிக்காமல், விசிறியால் மெதுவாகத் தள்ளி, "போ, போ, வேற வீட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்புவார். அப்படிப்பட்டவர் இந்தப் படத்தை முன்னோட்டமாகப் பார்க்க உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? பாதியிலேயே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அப்போது என்னை டோ என்று மரியாதை வைத்துக் கூப்பிடும் வயதாகவில்லை, சின்னவள் என்று மா போட்டுத்தான் கூப்பிடுவார்.

"மா எஸ்தர், எத்தனை உயிர்! எத்தனை உயிர்!"

"படத்துலதானே டோ மியா. நிஜமா யாரும் சாகலையே."

"நம்ம கட்டடத்துக்குள்ள சாகறாங்க. நம்ம கரண்ட்டுல சாகறாங்க. அந்தப் பாவம் யார் கணக்குல ஏறும், உன் கணக்குலயா?"

எங்கள் வீட்டில் தவக்காலத்தில் கறியை விடுவோம், கொலைப் படத்தை யாரும் விட்டதில்லை. அதைச் சொல்லலாமா என்று யோசித்து வாயை மூடிக்கொண்டேன். ஆனால் டோ மியா அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எங்கள் ஆப்பரேட்டர் கோ நைங்கைக் கூப்பிட்டார். கோ நைங்குக்குக் கம்ப்யூட்டரில் படத்தை வெட்டவும் ஒட்டவும் தெரியும், தன் தங்கை கல்யாண வீடியோவையே அழகாக வெட்டியவன்.

"உயிர் போற இடத்தை மட்டும் எடுத்துடு. மத்ததெல்லாம் இருக்கட்டும். தவக்காலம் முடிஞ்சதும் திருப்பிப் போட்டுக்கலாம்."

கோ நைங் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யும் பிள்ளை. அதுதான் அவனிடம் உள்ள கோளாறு. மூட்டை அவிழும் இடத்திலிருந்து, பிணம் கண்ணில் படாமல் போகும் இடம்வரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். ஒரு கழுதை செத்துப் போகும் காட்சி இருந்தது, அதையும் எடுத்தான். "கழுதையும் உயிர்தானே அக்கா" என்றான். பழிவாங்கும் படத்தில் பழியும் இல்லை, வாங்கலும் இல்லை. மிச்சம் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

ஒருவன் சாட்டையடி வாங்குகிறான். அடிக்கு யாரும் சாகவில்லை அல்லவா, அதனால் அது தப்பித்தது. ஓடிப் போகிறான். திரும்பி வருகிறான். மூட்டையோடு ஒரு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். பழைய முதலாளி கதவைத் திறந்து அவனைப் பார்த்து, ஆடிப்போய் நிற்கிறார். அடுத்த காட்சியில் நம் ஆள் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறான், பின்னால் சூரியன், நல்ல சங்கீதம். இன்னொரு வீடு. தட்டுகிறான். இன்னொரு முதலாளி ஆடிப்போகிறார். மறுபடி குதிரை, சூரியன், சங்கீதம். கடைசியில் பெரிய பங்களா வாசலில் நின்று ஒரு தீக்குச்சியைக் கிழிக்கிறான். அவன் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் பரவுகிறது. சிரிக்கிறான். சுபம்.

முதல் நாள் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். போஸ்டரில் துப்பாக்கியைப் பார்த்து வந்தவர்கள். படம் முடிந்ததும் டிக்கெட் ஜன்னலைச் சுற்றிக்கொண்டார்கள். "ஆன்ட்டி, அந்த வெள்ளைக்காரங்கள்லாம் எங்க போனாங்க?" என்று ஒருவன் கேட்டான். "வெளியூர் போயிட்டாங்க" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அடுத்த நாள் நாற்காலிகளில் காற்றுதான் உட்கார்ந்திருந்தது. விநியோகஸ்தர் போன் செய்து, இப்படியே போனால் படத்தை எடுத்துவிடுவேன் என்றார். டோ மியா மட்டும் நிம்மதியாக ஜெபமாலை உருட்டினார்.

அப்போதுதான் தங்கராசு வந்தான்.

தங்கராசு ஆற்றுக்கு அக்கரையில், டாலா படகுத்துறையில் சைக்கா மிதிக்கிறவன். பக்கத்தில் ஆளை உட்கார வைத்து மிதிக்கும் மூன்று சக்கரச் சைக்கிள், தெரியுமே. சினிமாப் பைத்தியம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். என்ன படம் வந்தாலும் படகேறி இக்கரைக்கு வந்து பார்ப்பான். திரும்பிப் போகும்போது படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதையைச் சொல்ல ஆரம்பிப்பான். தமிழர்களுக்குத் தமிழில், மற்றவர்களுக்குப் பர்மியில். படகு கரை தொடுவதற்குள் படத்தின் தலையெழுத்து முடிவாகிவிடும். தங்கராசு "பாக்கலாம்" என்றால் மறுநாள் டாலாவே குடும்பத்தோடு வந்து நிற்கும். "தூக்கம் வருது" என்றானோ, போச்சு. எங்கள் விளம்பரப் பலகைக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

அவனிடம் ஒரு பழக்கம். திரைக்குக் கீழே ஓடும் பர்மிய எழுத்தைப் படிக்கவே மாட்டான். "எழுத்தப் படிச்சா மொகத்த எப்ப அக்கா பாக்கறது?" என்பான். படம் எந்தத் தேசத்துப் படமானாலும் முகத்தைப் பார்த்தே கதையைப் புரிந்துகொள்வான். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

அன்றைக்குப் பகல் காட்சி முடிந்து வந்தவன், என் ஜன்னல் முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினான். கண் இரண்டும் சிவந்திருந்தது. சரி, இவனும் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"எஸ்தரக்கா, இப்படி ஒரு படம் நான் பாத்ததே இல்ல."

"எப்படி ஒரு படம்?"

"அவ்ளோ அடிச்சானுங்களே அக்கா! தங்கச்சியப் பிரிச்சு வித்தானுங்களே! அவன் என்ன செஞ்சான் பாத்தீங்களா? கால் காசு சம்பாதிச்சதும் மூட்டை கட்டிக்கிட்டு, ஒவ்வொரு மொதலாளி வீடா தேடிப் போயி கடோ செய்யறான் அக்கா! கடோ!"

வெளியூரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தவக்காலம் முடியும் தடின்ஜுட் விளக்குத் திருநாளில், இந்த ஊரில் இளையவர்கள் வாழைப்பழம், தேங்காய், லொங்ஜி என்கிற புதுக் கைலி என்று மூட்டை கட்டிக்கொண்டு பெரியவர்கள் வீட்டுக்குப் போவார்கள். மண்டியிட்டுக் கும்பிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பையெல்லாம் மன்னிக்கச் சொல்லுவார்கள். அதற்குத்தான் கடோ என்று பெயர். பௌத்தர்கள் வழக்கம்தான், ஆனால் இந்த மண்ணில் பிறந்த நாம் யார் அதைச் செய்யாமல் இருந்தோம்? இப்போது யோசித்துப் பாருங்கள். மூட்டையோடு ஒருவன் வீடு வீடாகப் போகிறான். கதவைத் தட்டுகிறான். முதலாளி ஆடிப்போகிறார். டாலாக்காரன் கண்ணுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்?

"அந்த மொதலாளிங்க மொகத்தப் பாத்தீங்களா?" என்றான் தங்கராசு. "வெக்கம் அக்கா, வெக்கம்! நாம அடிச்ச பய நம்மளத் தேடி வந்துட்டானேன்னு கூனிப் போறானுங்க. கடைசில பங்களா வாசல்ல வெளக்கு ஏத்தறானே, அங்க நான் அழுதுட்டேன். தடின்ஜுட் வெளக்கு! எந்த ஊர்க்காரனோ, நம்ம பழக்கத்த எவ்ளோ அழகாப் படம் புடிச்சிருக்கான்!"

சொல்லியிருக்கலாம். "அட மடையா, அந்த மூட்டையில் இருந்தது வாழைப்பழம் இல்லை" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தியேட்டர் காலியாகக் கிடக்கிறது, எதிரில் நிற்பவனோ தங்கராசு. நான் வாயைத் திறக்கவில்லை. அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

மறுநாள் டாலா வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. பெண்கள் கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து, பெரியவர்களை மதிப்பது எப்படி என்று பாருங்கள் என்றார். கோ நைங் புரொஜக்டர் அறையில் வாயைப் பொத்திக்கொண்டு உருண்டான். டோ மியாவோ என்னைக் கூப்பிட்டு, "பாத்தியா? நல்லதைச் செஞ்சா நல்லது வரும்" என்றார்.

இதெல்லாம் வேடிக்கை. இனிமேல்தான் விஷயம்.

தங்கராசுவுக்குத் தாய் சின்ன வயதிலேயே தவறிவிட்டாள். வளர்த்தது தாய்மாமன் சின்னையா. டாலாவில் டீக்கடை வைத்திருக்கிறார். வளர்த்தார் என்றால், கடையில் வேலைக்கு வைத்து வளர்த்தார். விடியும் முன் அடுப்பு, இருட்டிய பிறகு கிளாஸ் கழுவுவது. சம்பளம் என்று ஒன்றும் கிடையாது, சொந்தக்காரப் பையனுக்கு எதற்குச் சம்பளம்? கடையில் கூட்டம் சேர்க்க ஒரு டிவியில் படம் ஓடும். ஒருநாள் தட்டு நிறைய டீயோடு போன தங்கராசு, சண்டைக் காட்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். கை மட்டும் நிற்கவில்லை. அத்தனை கிளாஸும் தரையில். சின்னையா டீ ஆற்றும் நீளக் கரண்டியை எடுத்து, கடை முழுக்க ஆட்கள் பார்க்க, முதுகில் விளாசிவிட்டார். அன்றைக்கே அவன் கடையை விட்டுப் போனான். ஒரே ஊரில், ஒரே தெருவில், மாமனும் மருமகனும் பேச்சு வார்த்தை இல்லை. தடின்ஜுட் வந்தால் ஊரே பெரியவர் வீடுகளுக்குப் போகும். தங்கராசு மட்டும் மாமன் கடையைத் தாண்டும்போது சைக்காவை வேகமாக மிதிப்பான்.

இதை அவனே எனக்குச் சொன்னான். படத்தை மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ பார்த்துவிட்டு வந்த அன்று சொன்னான்.

"அவங்க அடிமைக் கப்பலும் நம்ம பாட்டன் கூலியா வந்த கப்பலும் ஒண்ணு இல்லன்னு தெரியும் அக்கா. அவன் பட்டதுல நான் பட்டது தூசு. ஆனா அவனே போறான்னா, எனக்கு என்ன கேடு?"

நான் தலையாட்டினேன். அவன் தடின்ஜுட்டுக்கு மாமன் வீட்டுக்குப் போவான், கும்பிடுவான், எல்லாம் நல்லபடி முடியும் என்று நினைத்துக்கொண்டேன். சினிமாப் பைத்தியம் எதையும் நேராகச் செய்யாது என்பதை மறந்துவிட்டேன்.

தடின்ஜுட் பௌர்ணமி வந்தது. தெருவெல்லாம் விளக்கு. மறுநாள் காலை டோ மியா தவக்கால வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, காலை ஆகாரத்துக்கு மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வரவழைத்துச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தவக்காலம் முடிஞ்சது, மா எஸ்தர். கொலைகளைத் திருப்பிப் போட்டுடுங்க."

கோ நைங் சுவரொட்டியில் 'முழுப் படம்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினான். பழைய பையன்கள் கூட்டம் திரும்பி வந்தது. பகல் காட்சிக்கு ஹவுஸ்ஃபுல். படம் ஆரம்பித்து, எழுத்து ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், வாசலில் தங்கராசு. தலைக்கு எண்ணெய், புது லொங்ஜி. பக்கத்தில் மெலிந்து நீண்ட ஒரு பெரியவர், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. பெரியவர் மடியோடு அணைத்துப் பிடித்திருந்தது ஒரு துணி மூட்டை.

"எங்க மாமா, அக்கா" என்றான். அப்புறம் என் காதருகே வந்தான். "நேரா கும்பிட்டா ஏன்னு கேப்பாரு, சொல்ல எனக்கு வாய் வராது. படத்தப் பாக்கட்டும், அவருக்கே புரியும். முடிஞ்சதும் கடோ செஞ்சுடறேன். மூட்டைய இப்பவே குடுத்துட்டேன், படம் முடியறவரைக்கும் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"தங்கராசு, இன்னைக்கு வேணாமே. கூட்டம் ஜாஸ்தி. நாளைக்கு வாங்களேன்" என்றேன்.

பெரியவர் உடனே திரும்பினார். "பாத்தியா, அவங்களே வேணாங்கறாங்க. நான் அப்பவே சொன்னேன், கடையப் போட்டுட்டு வந்தது தப்புன்னு. வா போலாம்." காலையும் படியில் வைத்துவிட்டார். தங்கராசுவின் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் கழித்துப் படகேற்றிக் கொண்டுவந்த மனிதர் இப்போது இறங்கிப் போனால், இனி எந்தக் காலத்திலும் ஏறமாட்டார். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது.

"இல்ல இல்ல, உள்ள போங்க ஐயா" என்று நானே கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

வைத்துவிட்டுப் புரொஜக்டர் அறைக்கு ஓடினேன். என் உடம்புக்கு அது ஓட்டம்தான். "கோ நைங், தவக்காலப் படத்தைப் போடு!"

"அழிச்சிட்டேன் அக்கா."

"எதுக்குடா அழிச்சே?"

"டோ மியா கொலையைத் திருப்பிப் போடச் சொன்னாங்க. அப்போ கொலை இல்லாதது எதுக்குன்னு..."

சொன்னேன் அல்லவா, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யும் பிள்ளை.

நான் உள்ளே போய்க் கடைசிச் சுவரோரம் நின்றேன். ஒன்று சொல்கிறேன், இந்த வேலையில் திரையைப் பார்க்கிறவன் ரசிகன், நாற்காலிகளைப் பார்க்கிறவன்தான் மேனேஜர். நான் ஒரு நாற்காலியைத்தான் பார்த்தேன். திரையில் சாட்டையடி. ஒவ்வொரு அடிக்கும் சின்னையா நாற்காலியில் சற்றுச் சரிந்தார். மருமகனை ஓரக்கண்ணால் பார்த்தார். மருமகனோ திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நம் ஆள் ஓடிப் போனான். திரும்பி வந்தான். மூட்டை தெரிந்தது. சின்னையா குனிந்து தன் மடியில் இருந்த மூட்டையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். தங்கராசு அவர் தோளைத் தட்டி, "இனிமேதான் மாமா முக்கியமான கட்டம்" என்றான்.

என்ன செய்வீர்கள்? சொல்லுங்கள். படத்தை நிறுத்தினால் அந்தப் பையன்கள் நாற்காலியைப் பிடுங்கி அடிப்பார்கள். நிறுத்தாவிட்டால், அடித்த மாமனைத் தேடிக் கூட்டி வந்து, அடித்தவனைச் சுட்டுக் கொல்லும் படத்தைக் காட்டி, கையில் ஒரு மூட்டையையும் கொடுத்து வைத்திருக்கிறான் மருமகன். கடோவா அது? கொலை மிரட்டல்!

திரையில் நம் ஆள் குதிரையை விட்டு இறங்கினான். நான் மாடிப்படிக்கு அடியில் இருந்தேன். விளக்குமாறுகள் தலையில் விழுந்தன. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இழுத்தேன் மெயின் சுவிட்சை.

இருட்டு.

இப்போது பாருங்கள் நம் ஊரின் பெருமையை. வேறு ஊராக இருந்தால் கலவரம் நடந்திருக்கும். இங்கே ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். "மீ ப்யெட்டா" என்று பர்மியில் ஒருவர், "கரண்ட் போச்சு" என்று தமிழில் ஒருவர். வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கரண்ட் போனால் ஏன் போனது என்று ரங்கூனில் யாராவது கேட்பார்களா? எங்கள் ஜெனரேட்டரைக் கிளப்ப கோ நைங்குக்கு எப்போதும் ஒரு யுகம் ஆகும். அதற்குள் தங்கராசுவை வெளியே கூட்டிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று, தடவித் தடவி அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தேன். கூப்பிட வாயெடுத்தபோது பெரியவர் பேசினார்.

"அவன் உள்ள போயி என்ன செய்யப் போறான்?"

"கடோ செய்யப் போறான் மாமா."

"யாருக்கு? அடிச்சவனுக்கா?"

"ஆமா."

எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது.

"என்னடா படம் இது, கோணல் படம்!" என்றார் பெரியவர். "அடி வாங்கினவன் எதுக்குக் கும்பிடணும்? அந்த வெள்ளக்காரன் இல்ல வெளிய வந்து மன்னிப்புக் கேக்கணும்?"

"பெரியவங்க கேக்க மாட்டாங்க மாமா."

"ஏன் கேக்க மாட்டாங்க?"

"கேட்டதே இல்லையே."

நான் கூப்பிடவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றேன். சின்னையா தொண்டையைச் செருமினார். ஒருதடவை செருமினார், பிறகு இன்னொரு தடவை செருமினார்.

"தங்கராசு. அன்னைக்குக் கடையில நான் செஞ்சது தப்புடா. உங்கம்மா இருந்திருந்தா என் கையை ஒடிச்சிருப்பா. அதுக்கு முந்தி செஞ்சதும் தப்புதான். சம்பளம் குடுத்திருக்கணும். பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கணும். வெளிச்சத்துல சொல்ல வரல. இப்ப சொல்லிட்டேன், போ."

தங்கராசு மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. எனக்கும் அதே வேலைதான்.

அப்போது கோ நைங், எந்த ஜென்மத்திலும் இல்லாத சுறுசுறுப்போடு, ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டான்.

திரை பளிச்சென்று எரிந்தது. கதவு திறந்தது. முதலாளி ஆடிப்போனார். நம் ஆள் மூட்டையை அவிழ்த்தான். டுமீல்! முதலாளி ஜன்னலைப் பிய்த்துக்கொண்டு வெளியே போய் விழுந்தார். பையன்கள் விசிலடித்தார்கள். தங்கராசு வாயைப் பிளந்து எழுந்தே விட்டான். சின்னையா அசையவில்லை. ஜன்னலையும் பார்த்தார், பிணத்தையும் பார்த்தார், பக்கத்தில் நின்ற மருமகனையும் அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல வேள" என்றார். "நான் முந்திக்கிட்டேன்."

அப்புறம்தான் அவருக்கு மடியில் இருந்த மூட்டை ஞாபகம் வந்தது. வெந்நீர்ச் சட்டியைப் பிடிப்பதுபோல் கையை நீட்டி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். "இதுல என்னடா இருக்கு?"

"வாழப்பழம் மாமா!"

"அடியில கனமா ஏதோ இருக்கே!"

முன்வரிசைப் பையன்கள் சத்தம் போடவே, இரண்டு பேரையும் நான் வெளியே கூட்டி வந்தேன். டிக்கெட் ஜன்னல் அருகே வந்ததும் தங்கராசு என்மேல் பாய்ந்தான். "என்ன அக்கா அநியாயம் இது? நல்ல படத்துல கண்ட சண்டையெல்லாம் கொண்டாந்து ஒட்டியிருக்கானுங்க! விசிலடிக்கிற பசங்களுக்காகப் படத்தையே கெடுத்துட்டானுங்களே! அவன் அப்படிப்பட்ட ஆளே கெடையாது. அவன் மொகத்தப் பாத்தா தெரியல?" இந்த அபிப்பிராயத்தை அவன் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. முழுப் படம்தான் அசல் என்று சொன்ன ஒருவனைச் சைக்காவிலேயே ஏற்றமாட்டேன் என்று சண்டை பிடித்திருக்கிறான். சின்னையாவுக்கு அந்தச் சுட்ட கட்டம்தான் பிடித்ததாம். "ஞாயமா சுட்டான்" என்கிறார். இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் ஓயாமல் சண்டை போடுகிறார்களாம். சண்டை போடுவதற்குப் பேச வேண்டும் அல்லவா? பேசுகிறார்கள்.

ஆனால் அன்றைக்கு டிக்கெட் ஜன்னல் முன்னால், சின்னையா மூட்டையை பெஞ்சின்மேல் வைத்து, ஒரு விரலால் முடிச்சைத் தள்ளித் தள்ளி அவிழ்த்தார். வாழைப்பழம். தேங்காய். ஒரு புது லொங்ஜி. அடியில், துணியில் சுற்றி, டீ ஆற்றும் நீளக் கரண்டி. பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான்.

பெரியவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். தங்கராசு அவசரமாகச் சொன்னான்: "உங்களுதுதான் மாமா. போற அன்னைக்குக் கோவத்துல எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். திருட்டு. அதுக்குத்தான் கடோ செய்ய வந்தேன்."

சொன்னபடி அந்த சிமெண்ட் தரையில் மண்டியிட்டுக் கும்பிட்டான். சின்னையா அவன் தலையில் கையை வைத்தார். பிறகு கரண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னையிலேருந்து என் கடைப் பசங்க ஒருத்தன்மேலயும் நான் கை ஓங்கல, தெரியுமாடா?"

"அவ்ளோ திருந்திட்டீங்களா மாமா?"

"கரண்டி இல்லையேடா!"

நான் சிரித்த சிரிப்பில் உள்ளே படம் பார்த்தவர்கள் 'உஷ்' என்றார்கள். தங்கராசுவும் சிரித்தான், பெரியவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்தார். கரண்டியை மருமகன் பக்கம் நீட்டினார்.

"இந்தா. எங்கிட்ட இருக்க வேணாம். நீயே வெச்சுக்க."

இப்போது அந்தக் கரண்டி தங்கராசுவின் சைக்காவில் இருக்கிறது. மணி கெட்டுப் போய்விட்டதால், வழி விடச் சொல்லி அதை எடுத்து ஹேண்டில்பாரில் தட்டிக்கொண்டே போகிறான். டீக்கடை வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் சின்னையாவே எழுந்து வந்து, கிளாஸில் டீயைக் கையில் கொடுக்கிறாராம். சர்க்கரை மட்டும் இன்னும் குறைச்சல்தான் என்கிறான்.